சம்மட்டி நின்ற நாள்

இத்தாலியில், மலை இடுக்கில் ஒரு சின்ன ஊர் இருந்தது. மேலே வீடுகள், கீழே இரும்புப் பட்டறை, இரண்டுக்கும் நடுவே சரிந்து ஓடும் ஒரு வாய்க்கால். அந்தத் தண்ணீர்தான் பட்டறையின் சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தின் அச்சில் இருக்கும் பற்கள் ராட்சதச் சம்மட்டியின் மரத்தண்டு வாலை அமுக்கும். வால் தாழ்ந்தால் தலை எழும்பும், பல் விலகினால் தலை பொத்தென்று விழும். தொம், தொம், தொம். பழுக்கக் காய்ந்த இரும்பை அதன் கீழே நீட்டித் திருப்பி மண்வெட்டியாக்குவான் பத்திஸ்தா.

அந்த ஊரில் ஒரு விநோதம். இத்தனை பெரிய சத்தம் யார் காதிலும் விழாது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அது மூச்சு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சத்தத்துக்குள்தான் அம்மாக்கள் சோளமாவுக் களி கிண்டினார்கள், துணி மடித்தார்கள். மத்தியானத்தில் பிள்ளைகள் வாய் பிளந்து தூங்கின.

சம்மட்டிக்கு இதில் பெரிய மனக்குறை.

"மேலே என்ன சேதி?" என்று வாய்க்காலைக் கேட்கும்.

"எர்சீலியா பிள்ளைக்குப் பல் முளைக்குது. தொமெனிகா வீட்டில் களி அடிப்பிடிச்சுப் போச்சு" என்று ஓடிக்கொண்டே சொல்லும் வாய்க்கால்.

"என்னைப் பத்தி?"

"உன்னைப் பத்திப் பேச என்ன இருக்கு? நல்லாத்தானே அடிக்கிறே."

"ஒரு வார்த்தைகூடவா இல்லை?"

அதற்குள் வாய்க்கால் சக்கரத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதற்கு நிற்க நேரம் ஏது?

சம்மட்டிக்குக் கீழே கிடந்து அடிகளைத் தாங்கும் பட்டடை முனகும். "நாள் முழுக்க உன்கிட்ட அடி வாங்குறவன் நான். என்னை நீ என்னைக்காவது விசாரிச்சியா?"

அதைச் சம்மட்டி காதில் போட்டுக்கொள்ளாது.

ஒரு மத்தியானம், வாலைப் பிடித்திருந்த ஆப்பு கழன்றது. வால் கொஞ்சம் ஒதுங்கியது. பற்கள் அதைத் தொடாமல் வெறுமனே சுற்றின. சத்தம் நின்றுபோனது.

அவ்வளவுதான். ஊரில் தூங்கிய அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விழித்து வீறிட்டன. கதவுகள் படபடவென்று திறந்தன. கல்பாதையில் மரச்செருப்புகள் சடசடத்து இறங்கின. முதலில் வந்தவள் பத்திஸ்தாவின் மனைவி எர்சீலியா. தலைத்துணி வழியிலேயே விழுந்திருந்தது, கையெல்லாம் மாவு. வந்தவள் புருஷனின் இரண்டு கைகளையும் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். விரல்கள் எல்லாம் இருந்தன.

"ஒண்ணும் ஆகலை. ஆப்புதான் கழண்டுபோச்சு" என்று சிரித்தான் பத்திஸ்தா.

எர்சீலியா சம்மட்டியின் மேல் சாய்ந்துகொண்டு அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "உயிரே போயிருச்சே, கழுதை!"

மாவு ஒட்டிய கையின் சூடு அந்த இரும்பில் கொஞ்ச நேரம் நின்றது. அப்படி யாரும் அதைத் தொட்டதில்லை.

"பார்த்தியா? எனக்காக ஊரே ஓடி வந்திருக்கு!" என்றது சம்மட்டி.

"அவ முதல்ல எதைத் தொட்டுப் பார்த்தா?" என்று கேட்டது பட்டடை.

"உனக்குப் பொறாமை."

அதன் பிறகு சம்மட்டி ஒரு வித்தை கற்றுக்கொண்டது. ஆசை வரும்போதெல்லாம் வாலை ஒரு நூல் ஒதுக்கிக்கொள்ளும். சத்தம் நிற்கும், செருப்புகள் ஓடிவரும். ஆனால் ஒவ்வொரு முறையும் கூட்டம் குறைந்தது. தொமெனிகா வாசலிலேயே நின்று, "கை இருக்கா பத்திஸ்தா? இருக்கு. சரி, எனக்கு அடுப்புல பால் இருக்கு" என்று திரும்பிவிட்டாள்.

ஒரு நாள் எர்சீலியா ஓடாமல் நடந்தே வந்தாள். இடுப்பில் பிள்ளை. அதன் நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம்.

"இதோ பார். இங்கே ஓடிவரலாம்னு நான் வாசலைக்கூடத் தாண்டலை, அதுக்குள்ள இவன் கட்டிலிலிருந்து விழுந்துட்டான்."

"நான் என்ன பண்ணுவேன்? வாலு தானா ஒதுங்குது" என்றான் பத்திஸ்தா.

"ஒதுங்கட்டும். சத்தம் இல்லாமலே தூங்க நான் என் பிள்ளையைப் பழக்கிக்கிறேன்."

சம்மட்டியைத் தொடாமலே போய்விட்டாள்.

சொன்னபடியே செய்தாள். சத்தம் எட்டாத மலைப்பக்கம் பிள்ளையைத் தூக்கிப் போய்த் தோளில் போட்டுத் தட்டினாள். முதலில் கத்தினான், அடுத்த நாள் சிணுங்கினான், பிறகு தூங்கினான். மற்ற அம்மாக்களும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

"இப்போ நீ அடிச்சாலும் தூங்குதுங்க, நின்னாலும் தூங்குதுங்க" என்று சேதி கொண்டுவந்தது வாய்க்கால்.

சம்மட்டி நம்பவில்லை. நின்று பார்த்தது. பாதையில் செருப்புச் சத்தம் இல்லை. பத்திஸ்தா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வாலைத் தோளால் தள்ளி ஒழுங்குபடுத்தினான். கோபத்தில் அது முன்னைவிட ஓங்கி அடித்தது.

"மெதுவாடா" என்றது பட்டடை.

ஒதுங்கி ஒதுங்கித் தேய்ந்த மரத்தண்டு அந்த வேகத்தைத் தாங்கவில்லை. ஒரு காலை வேளையில் நீளவாக்கில் பிளந்தது. இந்த முறை நடிப்பு இல்லை, வித்தை இல்லை. தலை விழுந்தது, எழும்பவில்லை.

பத்திஸ்தா பிளவின் மேல் கையை ஓட்டிப் பார்த்தான். புதுத் தண்டுக்கு ஒரு முழு மரம் வெட்ட வேண்டும். கீழ் ஊர்த் தொழிற்சாலையிலோ ஆள் எடுக்கிறார்கள். அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்தான். மதகை இறக்கினான், தோல் மேலாடையை ஆணியில் மாட்டினான், கதவைச் சாத்தினான்.

சம்மட்டி பாதைப் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருந்தது. மேலே யாரோ சிரித்தார்கள். ஒரு கோழி கொக்கரித்தது. யாரும் வரவில்லை.

தண்ணீர் வேறு வழியில் போயிற்று. பிறகு ஒரு வண்டி வந்து பட்டடையைப் பழைய இரும்புக்கு ஏற்றிக்கொண்டது.

"வரேன்" என்றது பட்டடை.

சம்மட்டிக்கு அப்போதுதான் ஒன்று கேட்கத் தோன்றியது. "உனக்கு ரொம்ப வலிச்சுதா?"

வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

காலம் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கே பழையதைப் பார்க்கும் ஆசை வந்தது. வாய்க்காலைத் தூர்வாரி, ஒட்டடை அடித்து, பட்டறையைத் திறந்துவைத்தார்கள். சுற்றிக் காட்ட நிவெஸ் என்று ஒரு பெண்ணை நியமித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள்.

"இந்தச் சம்மட்டி நின்னா போதும், ஊரே முழிச்சு ஓடிவருமாம்" என்று நிவெஸ் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

வந்தவர்களில் ஒரு பெண் மட்டும் கேட்டாள். "அப்போ கடைசியா நின்னப்போ பெரிய கூட்டமே கூடியிருக்குமே? அது எந்த நாளுங்க?"

சம்மட்டி காத்திருந்தது.

"நானும் ஊர்ல எல்லாரையும் கேட்டுப் பார்த்துட்டேன்" என்றாள் நிவெஸ். "அது என்னைக்கு நின்னுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியலைங்க."