அரங்கத்தில் இருந்தவர்கள்

ஆசிரியை வேதநாயகிக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் பாடம் கேட்ட தங்கராசனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வீடுகள் கட்டிய பொறியாளர். பெரிய கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வித்தையைக் கற்க வந்திருந்தார்.

வித்தை இதுதான். கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே கட்ட வேண்டும். சுவர், ஜன்னல், ஏசி, ஆட்கள் எல்லாம் இருக்க வேண்டும். அது சொல்லும் மின்சாரமும் நிஜக் கட்டடம் இழுக்கும் மின்சாரமும் ஒத்துப்போனால், எதை மாற்றினால் எவ்வளவு குறையும் என்று உள்ளேயே மாற்றிப் பார்த்துவிடலாம்.

இந்த வித்தையில் தங்கராசனின் முதல் கட்டடம் ஒரு பெரிய மருத்துவமனை. மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்றது நிர்வாகம்.

அன்று காலை தங்கராசன் சிரித்த முகமாக வந்தார்.

"மேடம், ஒத்துப்போயிடுச்சு. ரெண்டு வரைபடமும் கோடு மேல கோடு!"

"எதை மாத்தணும்னு சொல்லுது?"

"மேற்குப் பக்கத்து ஜன்னல் மொத்தத்தையும் பெயர்த்து ரெட்டைக் கண்ணாடி போடணும். டயாலிசிஸ் வார்டு அந்தப் பக்கம்தான். வேலை முடியுற வரைக்கும் மூடணும். சாயந்தரம் நிர்வாகம் கையெழுத்துப் போடுது."

வேதநாயகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் ஒத்துப்போகலையே. என்ன செஞ்சீங்க?"

"நிஜக் கட்டடம் ரொம்ப அதிகமா இழுத்துச்சு. ஆறாவது மாடி அரங்கத்துல நாள் முழுக்க நானூறு பேர் இருக்காங்கன்னு போட்டேன். கச்சிதமா உட்கார்ந்துடுச்சு."

"நானூறு பேரா?"

"பெரிய ஆஸ்பத்திரி மேடம். கூட்டம், வகுப்புன்னு ஏதாவது நடந்துட்டேதானே இருக்கும்."

"வாங்க. அவங்களைப் பார்த்துட்டு வருவோம்."

மருத்துவமனைக்குப் போய்ப் படியேறினார்கள். டயாலிசிஸ் வார்டு வாசலில், கை வீங்கிய ஒரு பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள். இசக்கியம்மாள் என்று பெயர். தங்கராசனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஜன்னலை அளந்துட்டுப் போன சார்தானே? வார்டை மூடுறீங்களாமே. வெளியூருக்கு வாரத்துக்கு மூணு தடவ பஸ் ஏற ஒடம்புல தெம்பில்ல. நீங்களே ரத்தத்தைக் கழுவி விட்டுருங்க, புண்ணியமாப் போகும்."

"கொஞ்ச நாள்தாம்மா."

"எனக்கும் கொஞ்ச நாள்தான் சார்."

தங்கராசன் வேகமாகப் படியேறினார்.

அரங்கம் பூட்டியிருந்தது. காவலாளி சாவியைத் தேடி எடுத்து வந்து கதவைத் தள்ளினார். குளிர் முகத்தில் அறைந்தது. உள்ளே கும்மிருட்டு.

விளக்கைப் போட்டதும் தங்கராசன் அப்படியே நின்றுவிட்டார்.

ஒருவரும் இல்லை. வரிசை வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றின் மேலும் தூசி. மேடையில் திறப்பு விழா மாலை சருகாகிக் கிடந்தது. மேலே ஏசி இரைந்துகொண்டிருந்தது.

"எப்பத்துல இருந்து இது ஓடுது?" என்றார் அவர்.

"திறப்பு விழாவுக்குப் போட்டது சார்," என்றார் காவலாளி. "நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல."

தங்கராசன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இதை நிறுத்தினாலே அஞ்சுல ஒரு பங்கு வந்துடுமே மேடம். ஆளிருக்கிற இடம்னு நினைச்சு இந்த ஏசியை நான் தொடவே இல்ல. அந்த அம்மாவை… ஐயோ, சாயந்தரம் கையெழுத்துப் போட்டிருப்பாங்களே."

வேதநாயகி சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். இரைச்சல் மெல்ல அடங்கியது.

"நான் இப்ப என்ன செய்யணும் மேடம்?"

"நீங்க கூட்டிட்டு வந்த நானூறு பேரையும் வெளியே அனுப்புங்க," என்றார் வேதநாயகி. "அந்த அம்மா இருக்கட்டும்."