முப்பது வீட்டுக்கு வரி கட்டின வாத்துக்காரன்

ஒரு ஊர்ல... ஊர்ல என்ன ஊர்ல, அவங்களுக்கு ஊரே கிடையாது. ஒரு வாத்துக்காரியும் அவ புருசனும் இருந்தாங்க. அவ பேரு கொளஞ்சி, அவன் பேரு சடையன். அவங்க சொத்துன்னா அறுபது வாத்து, நாலு குச்சி, ஒரு வலை, ரெண்டு சாக்கு. அறுப்பு முடிஞ்ச வயல்ல நெல்லு சிந்திக் கிடக்கும் இல்ல, அதை வாத்து பொறுக்கித் தின்னும். அதனால இன்னைக்கு ஒரு வயலு, நாளைக்கு ஒரு வயலு. பொழுது சாஞ்சா குச்சியை நட்டு, வலையைச் சுத்திக் கட்டி, அந்தப் பட்டியில வாத்தை அடைச்சுட்டு, பக்கத்துல சாக்கை விரிச்சுப் படுத்துக்குவாங்க. விடிஞ்சா முட்டையைப் பொறுக்கி, வயலுக்காரருக்குப் பத்து முட்டை குடுத்துட்டு, குச்சியைப் பிடுங்கிக்கிட்டு நடையைக் கட்டுவாங்க. ஏய், எதுக்குடா சிரிக்கிற? நீ போயி ஒரே ஒரு வாத்தைப் பிடிச்சுட்டு வா, பார்ப்போம்.

இந்தச் சடையன் இருக்கானே, யாரு எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிடுவான். மழை மேல போயிடுச்சுன்னு சொன்னா அண்ணாந்து பார்ப்பான். ஊரே அவனைத் தத்தின்னு சொல்லும்.

அந்தச் சீமையை ஆண்ட ராசா, வரிக்குச் சட்டம் போட்டு, கல்லுல வெட்டி, கோட்டை வாசல்ல நட்டு வச்சிருந்தாரு. கைக்கு வந்த வருமானத்துல பத்துல ஒண்ணு. வீட்டுக்கு வருசம் ஒரு வெள்ளிக்காசு. யாவாரம் பண்ணினா, போட்ட முதலையும் செலவையும் கழிச்சுட்டு நிக்கிற லாபத்துல பத்துல ஒண்ணு. அதுக்கும் கீழ இன்னொரு சட்டம்: எந்த எடத்துக்கு எவன் வரி கட்டிச் சீட்டு வாங்குறானோ, அந்த எடம் அவனுது. இந்தக் கடைசியை மட்டும் மறந்துடாதீங்க, பின்னாடி வேணும்.

சட்டம் நல்ல சட்டந்தான். வரி தண்ட வந்தவன்தான் சரியில்ல. அருணகிரின்னு ஒரு தண்டல்காரன். அவனுக்கு வாய்க்கா ஓரமா நல்ல வயலு. வாத்து எரு நல்லதுன்னு, அவனே இவங்களைக் கூப்பிட்டுத் தன் வயல்ல ஒரு நாளு பட்டி போட வச்சான். பத்து முட்டை குடுக்கிற எடத்துல இருபது வாங்கினான். வாங்கி அவிச்சுத் தின்னுட்டு, மறுநாளே ஓலை எழுதுற ஆளைக் கூட்டிக்கிட்டு வரி கேக்க வந்துட்டான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!

"எத்தனை முட்டை?" ன்னான்.

"சாமி, உடைஞ்சது போக, வயலுக்காரங்களுக்குக் குடுத்தது போக..." ன்னு கொளஞ்சி இழுத்தா.

"போகவாவது, வரவாவது! இட்டது அத்தனையும் வருமானம். எழுதிக்கோ."

"முட்டை வித்தியே, லாபம் எவ்வளவு?" ன்னு அடுத்ததைக் கேட்டான்.

"கூடை வாங்கினது, ஆத்தைத் தாண்ட பரிசல்காரருக்குக் குடுத்தது..."

"அது உன் பாடு. வித்த காசு முழுக்க லாபம். எழுதிக்கோ."

"வீடு எத்தனை?"

கொளஞ்சி பேந்தப் பேந்த முழிச்சா. "வீடா? எங்களுக்கு ஏது சாமி வீடு?"

"முப்பது நாளு, முப்பது வயல்ல, குச்சி நட்டு, வலை கட்டிப் படுத்தீங்க இல்ல? முப்பது வீடு. முப்பது வெள்ளிக்காசு. எழுதிக்கோ."

அம்மாடி! அவ்வளவு காசை அவ கண்ணால பார்த்ததே இல்ல. கால்ல விழுந்தா, கதறினா, கையை எடுத்துக் கும்பிட்டா. அவன் அசையல. அறுபது வாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போயி அவன் கொல்லையில அடைச்சுட்டான். "வெள்ளிக்கிழமை சந்தையில கறிக்கு வித்து வரியில கழிச்சுக்கறேன்" னுட்டான். வரி பிடிச்சா சீட்டு குடுத்தே ஆகணும் இல்லையா, அதனால வயலு வயலா பேரு போட்டு, முத்திரை குத்தி, முப்பது ஓலைச் சீட்டையும் சடையன் மடியில போட்டுட்டுப் போனான்.

கொளஞ்சி மண்ணுல உக்காந்து அழுவுறா. சடையன் சீட்டை ஒவ்வொண்ணா எண்ணுறான். எண்ணிட்டு, மொகமெல்லாம் பல்லா, "ஏ புள்ள! நமக்கு முப்பது வீடு இருக்காமே! இத்தனை நாளா ஏன் எனக்குச் சொல்லல?" ங்கறான்.

"உன்னைக் கட்டிக்கிட்டு..." ன்னு அவ தலையில அடிச்சுக்கிட்டா.

அவன் கேக்கவா போறான்? கடைசியா போட்ட பட்டி வாய்க்கா ஓரம்தானே, அந்த வீடுதான் குளுகுளுன்னு இருக்கும்னு நேரா அருணகிரி வயலுக்குப் போயி, நாலு குச்சியை நட்டு, வலையைக் கட்டி, நடுவுல காலை நீட்டி உக்காந்துட்டான்.

பண்ணையாள் ஏரைப் பூட்டிக்கிட்டு வந்தான். "எவன்டா அது?"

"என் வீடுண்ணே. வரி கட்டியிருக்கேன், சீட்டு இருக்கு."

அருணகிரி பொண்டாட்டி கூழு எடுத்துக்கிட்டு வந்தா. "எந்திரிடா!"

"என் வீடுக்கா. வரி கட்டியிருக்கேன், சீட்டு இருக்கு. உள்ள வாங்க, உக்காருங்க."

அப்புறம் அருணகிரியே குதிச்சுக்கிட்டு வந்தான். "டேய்! இது என் வயலுடா!"

"உங்க வயலாங்க? நீங்கதானே சாமி என் வீடுன்னு எழுதிக் குடுத்தீங்க? வரி கட்டியிருக்கேன், சீட்டு இருக்கு."

அருணகிரிக்குக் கோவம் தலைக்கு ஏறிடுச்சு. சடையன் கழுத்துத் துண்டைப் பிடிச்சுத் தரதரன்னு ராசாகிட்ட இழுத்துக்கிட்டுப் போனான். கொளஞ்சி பின்னாலயே ஓடுறா. மறுநாளு வெள்ளிக்கிழமை, விடிஞ்சா வாத்து சந்தைக்குப் போயிடுமே.

"ராசாவே, இந்தத் தத்தி என் நிலத்தைப் பிடிச்சுக்கிட்டான்!"

சடையன் மடியை அவுத்து முப்பது சீட்டையும் கொட்டினான். ராசா ஒவ்வொண்ணா பார்த்தாரு, முத்திரையைத் தடவிப் பார்த்தாரு. "அருணகிரி, இது உன் முத்திரைதானே?"

"ஆமாங்க."

"அப்ப இவன் வரி கட்டினது நெசமா?"

"நெசந்தாங்க."

"நெசம்னா அந்த வயலு இவனுது. என் சட்டம் அப்படித்தான். வீட்டுக்குக் கிளம்பு."

"ஐயோ ராசாவே! அது வீடே இல்லீங்க! ஒரு நாளு படுத்தாங்க, அவ்வளவுதாங்க!"

ராசா மெதுவா கேட்டாரு, "வீடே இல்லாததுக்கு வீட்டு வரி எப்படிய்யா வாங்கினே?"

அப்புறம் ராசா கொளஞ்சியைக் கூப்பிட்டு, "நீ சொல்லும்மா" ன்னாரு. அவ முட்டை முதல் பரிசல் வரைக்கும் அத்தனையும் சொல்லி அழுதா. ராசா சேவகனை அனுப்பிக் கொல்லையைத் திறக்கச் சொன்னாரு. கோட்டை வாசல்ல நின்னுக்கிட்டு அவ "பா பா பா" ன்னு கொரல் குடுத்தாளோ இல்லியோ, தெருவே அதிர அத்தனை வாத்தும் கத்திக்கிட்டு ஓடியாருது! அவ எண்ணினா, மறுபடி எண்ணினா, மூணாவது தடவையும் எண்ணினா. அறுபது! ஒண்ணு கொறையல. அங்கயே குந்தி, முன்னால வந்த வாத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா பாருங்க, வயித்துல பால் வார்த்த மாதிரி அப்படி ஒரு அழுகை.

கணக்குப்பிள்ளை சட்டப்படி உடைஞ்சதைக் கழிச்சு, குடுத்ததைக் கழிச்சு, கூடையும் பரிசலும் கழிச்சுக் கணக்குப் போட்டாரு. மொத்த வரியே நாலு செப்புக்காசு! "இவ்வளவுதானா? இதைக் கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே" ன்னு முந்தானை முடிச்சை அவுத்துக் குடுத்துட்டா. பழைய முப்பது சீட்டையும் வாங்கிக்கிட்டு, அதுக்கு ஒரு புதுச் சீட்டு போட்டுக் குடுத்தாரு கணக்குப்பிள்ளை.

அருணகிரியைப் பார்த்து ராசா, "ஒரு நாளு படுத்த எடமெல்லாம் வீடுங்கறது உன் கணக்கு. நீ தண்டலுக்குப் போயி எத்தனை ஊர்ல படுத்திருப்பே? அத்தனைக்கும் ஊருக்கு ஒரு வெள்ளிக்காசு கட்டு. சீட்டு கிடையாது" ன்னாரு. கட்டி முடிக்கிறதுக்குள்ள அந்த வாய்க்கா ஓர வயலே போச்சு. வேலையும் போச்சு.

சடையன் மட்டும் புதுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே நின்னான். "ஐயா, இதுல எத்தனை வீடு?"

"ஒண்ணும் இல்லப்பா" ன்னாரு கணக்குப்பிள்ளை.

"அப்பாடா! முப்பது வீட்டை யாருங்க கூட்டிப் பெருக்குறது?" ன்னுட்டு, குச்சியைத் தோள்ல போட்டுக்கிட்டு வாத்துக்குப் பின்னால நடந்தான்.

ராசாவுக்குச் சேர வேண்டியதை ராசாவுக்குக் குடுக்கணும், இல்லாததைக் கேக்கிறவன்கிட்ட சீட்டைக் காட்டிக் கேக்கணும். வாத்து வயலுக்குப் போச்சு, முட்டை கூடைக்குப் போச்சு, கதை உங்க காதுக்குள்ள போச்சு. போயிப் படுங்க. படுக்கிறதுக்கு வரி இல்ல.