தாங்கியக்காவைப் போகவிடாத செம்பி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். வீடு வீடாக வரும் நர்ஸ் பிரிசில்லா சொன்னதை, எனக்குப் புரிந்த மாதிரி கதையாக்கி எழுதுகிறேன்.

உடம்பிலுள்ள செல்களுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், மார்பில் பால் ஓடும் குழாயின் சுவரில் செம்பி என்றொரு செல் குடியிருந்தாள்.

அங்கே ஒரு வழக்கம். காய்ச்சல், பசி, மூச்சுமுட்டல் என்று கஷ்டம் வந்தால் தாங்கியக்கா ஓடி வருவாள். செல்லைக் காக்கிற ஒரு புரதம் என்று நர்ஸ் சொன்னதற்கு நான் வைத்த பேர் அது. செல்லுக்குள் சூட்டில் கோணிப்போனதை நிமிர்த்துவாள். சூடு தணிந்ததும் போய்விடுவாள். நிமிர்த்தவே முடியாதபடி கெட்டுப்போன செல், அக்கம்பக்கத்தில் "போகிறேன்" என்று சொல்லி மடிந்துவிட வேண்டும். "வருகிறேன்" என்று சேர்க்கக் கூடாது.

ஒருநாள் செம்பி அப்படிக் கெட்டுப்போனாள்.

"என்னடி, முகமே கோணலா இருக்கு? சொல்ல வேண்டியதைச் சொல்லலையா?" என்றாள் பக்கத்துச் செல் பொன்னி.

"ஏன், என் இடம் வேணுமா உனக்கு?" என்று செம்பி கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்த தாங்கியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதேக்கா. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

"சூடுதான் தணிஞ்சிடுச்சேம்மா."

"எனக்குள்ள தணியல. யார்கிட்டயும் சொல்லாதே."

தாங்கியக்காவுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. கஷ்டம் என்றால் கை கொடுப்பாள், அவ்வளவுதான். தங்கிவிட்டாள்.

செம்பி ஒன்று பத்தாகப் பெருகினாள். நெரிசலில் மூச்சும் சாப்பாடும் குறைந்தன. வேறு செல் என்றால் மடிந்திருக்கும். செம்பியின் மக்களோ அக்காவின் தயவில் எல்லாவற்றையும் தாங்கினார்கள். தாங்கத் தாங்க முரடானார்கள். மருந்து ஊற்றியபோதும் சிலர் பிழைத்துக்கொண்டார்கள். சுவரை இடித்துக்கொண்டு வேறு இடங்களுக்கும் கிளம்பினார்கள்.

செம்பி கதவைச் சாத்திய அன்று முதல்தான், சில மார்புப் புற்றுகள் இத்தனை முரட்டுத்தனமாக இருக்கின்றன. நம்மைக் காக்கிற கையே அவற்றையும் காக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இடது மார்பில் தட்டுப்பட்ட கட்டியை நாலு மாதமாக மறைத்தவள் நான். அப்படியே எழுந்து போய் நாத்தனார் அங்கயற்கண்ணியிடம் சொன்னேன்.

"அடிப்பாவி, இதையா மூடி வச்சிருந்தே?" என்று திட்டிக்கொண்டே அவள் புடவை மாற்றினாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். படி இறங்கும்போது, தெருவுக்கே கேட்கும்படி, "போய்ட்டு வரேன்" என்று சொன்னேன்.