கூரை பிரித்த வீடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நாடு எது என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிட்டது. ஒரு கல்யாண ஊர்வலத்தில் எவனோ குஷியில் துப்பாக்கியால் சுட, குண்டு பல்லக்குத் தூக்கி ஒருவனின் தோளில் பாய்ந்தது. ராஜாவுக்கு வந்ததே கோபம்! "பௌர்ணமிக்குப் பிறகு எவர் வீட்டில் துப்பாக்கி இருந்தாலும் வலது கை போகும். அதற்குள் ஆயுதசாலையில் ஒப்படைத்துவிட வேண்டும்" என்று பறையறைவித்தார்.

"நல்ல சட்டம்" என்று சபையில் முதலில் தலையாட்டியவன் விகடகவி எட்டியப்பன்தான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்த பிறகுதான், பாவம், ஆட்டிய தலையிலேயே அடித்துக்கொண்டான்.

அங்கே தொங்கியது செத்துப்போன அவன் மனைவி பூவாத்தாளின் துப்பாக்கி. மலைக்காட்டுப் பெண், பண்ட பாத்திரத்தோடு அதையும் சீராகக் கொண்டுவந்தவள். அந்தி சாய்ந்ததும் கொல்லையில் நின்று, தினையை மேய வரும் பன்றிகளை விரட்ட ஒரு வேட்டு போடுவாள். அரண்மனையில் அரட்டையடித்துக்கொண்டிருக்கும் புருஷனுக்கும் அதுதான் அழைப்பு. தாமதமானால் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்: "ஏனுங்க, வேட்டுச் சத்தம் காதுல விழலியா? சோறு ஆறிப்போச்சு!" அதெல்லாம் என்ன காலம்! இப்போது வேட்டும் இல்லை, சூடான சோறும் இல்லை. துப்பாக்கிக் கட்டையில் அவள் கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பான இடம் மட்டும் அப்படியே இருந்தது.

கொடுத்தால் அவளையே இன்னொரு முறை தூக்கிக் கொடுத்த மாதிரி. கொடுக்காவிட்டால் ராஜாவின் உப்பைத் தின்றுவிட்டுச் செய்யும் துரோகம், கையும் போகும். "பூவாத்தா, என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு புள்ள" என்று சுவரோடு பேசிப் பேசி அழுதான்.

மந்திரி தாண்டவராயருக்கு எட்டியப்பனைக் கண்டாலே ஆகாது. விஷயம் காதில் விழ, பௌர்ணமிக்கு மறுநாளே ராஜாவைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

வந்து பார்த்தால், நான்கு சுவர்தான் நின்றது. ஓலையும் மூங்கிலும் தெருவில் குவிந்து கிடந்தன. எட்டியப்பன் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு தூறலில் உட்கார்ந்திருந்தான். சுவரில் எண்ணெய்த் துணி சுற்றித் துப்பாக்கி தொங்கியது.

"பாருங்கள் பிரபு! இவன் வீட்டில் துப்பாக்கி!" என்று துள்ளினார் மந்திரி.

"வீடா? எங்கே இருக்கிறது?" என்றான் எட்டியப்பன். "போன ஐப்பசிப் புயலில் கூரை பறந்தவர்கள் உதவி கேட்டு வந்தபோது, 'கூரை இல்லாதது வீடாகாது, இல்லாத வீட்டுக்கு என்ன உதவி?' என்று தீர்ப்புச் சொன்னவர் தாங்கள்தானே? பிரபுவும் முத்திரை வைத்தாரே!"

மந்திரிக்கு முகம் செத்துவிட்டது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடேய், இந்தப் பழைய இரும்புக்காகவா நனைகிறாய்?"

எட்டியப்பன் பூவாத்தாளைப் பற்றிச் சொன்னான். அன்று அவன் விகடம் எதுவும் பேசவில்லை. ராஜாவின் சிரிப்பும் அடங்கியது.

"புயலில் கூரை போனவர்களுக்கெல்லாம் மந்திரியார் செலவில் கூரை போடப்படட்டும். அந்தத் தீர்ப்பை நினைத்தால் நமக்கே வெட்கம். இவன் வீடு இன்று முதல் நம் ஆயுதசாலையில் சேர்ந்தது. நம் காவலன் வந்து தினமும் அந்தியில் அந்தத் துப்பாக்கியால் குண்டில்லாமல் ஒரு வேட்டு போடுவான். சட்டம் சட்டமாகவே இருக்கட்டும்."

கூரை வேய்ந்த அன்று மாலை, சபையில் எட்டியப்பன் ஏதோ கதையளந்துகொண்டிருந்தான். தூரத்தில் டமால் என்றது. பாதிக் கதையை அப்படியே விட்டுவிட்டு, அங்கவஸ்திரத்தை உதறி எழுந்தான்.

"உத்தரவு கொடுங்கள் பிரபு. சோறு ஆறிவிடும், அப்புறம் அவள் ஏசுவாள்."

ராஜா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எட்டியப்பன் வீடு சேர்வதற்குள், அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து ஆவி பறக்கும் சோறு அவன் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது.