பூங்கோதைக்குப் போன ஏழு சீர்

கொண்டல்பேட்டையில் புத்தி விற்கிற கடை என்று ஒன்று இருந்திருந்தால், தையல்நாயகியின் மூன்று பிள்ளைகளும் வாசலோடு விலையை மட்டும் விசாரித்துவிட்டு, "நமக்கெதுக்கு, வீட்டுலதான் வேணுங்கிறது கிடக்கே" என்று திரும்பியிருப்பார்கள். மூத்தவன் திருமேனி, நடுவுள்ளவன் கலியன், கடைக்குட்டி சிங்காரம். கடைக்குட்டி என்றால் பச்சைப் பிள்ளை இல்லை. இருபத்தி நாலு வயசு, முறுக்கிவிட்ட மீசை எல்லாம் உண்டு. மூன்று பேருக்கும் மனசு சொக்கத் தங்கம். தங்கத்தை வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது, அதுதான் சங்கடம்.

இவர்களோடு பிறந்த ஒரே பெண் பூங்கோதை. அவளை ஆவணியில் ஆலங்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இப்போது தலைப் பொங்கல். சனிக்கிழமை போகி, ஞாயிற்றுக்கிழமை பொங்கல். அண்ணன் தம்பி மூவரும் மூட்டை தூக்குகிற ரைஸ்மில்லுக்கு நாலு நாள் லீவு விட்டாயிற்று. சீர் கொண்டுபோக வேண்டிய தையல்நாயகிக்கோ காலில் சுளுக்கு.

வெள்ளிக்கிழமை பூங்கோதை போன் பண்ணினாள். "அண்ணே, என் ஓர்ப்படிக்கு வந்த சீரைப் பத்தித் தெரு இன்னும் பேசுது. நாளைக்குச் சாயங்காலம் நம்ம சீரைப் பார்க்க எல்லாரும் வந்து நிப்பாங்க. ஒரு குறையும் இல்லாம வந்து சேருங்க. என் மானம் உன் கையிலதாண்ணே இருக்கு."

திருமேனி தன் கையைப் பார்த்தான். கொஞ்சம் அழுக்காக இருந்தது. உடனே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். தங்கச்சி விஷயம் இல்லையா!

தையல்நாயகி அவனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பானை ஒண்ணு, தட்டிப் பார்த்து வாங்கு. கரும்பு ஒரு ஜோடி, தோகை ஒடியாம நிமிர்ந்த மேனிக்குப் போகணும். மஞ்சக் கொத்து வாடக்கூடாது. அரிசி, வெல்லம், வாழைத்தார். அப்புறம் சிங்காரத்தையும் மறக்காமக் கூட்டிட்டுப் போ, வழியில எங்கயாவது விட்டுடாதே."

திருமேனி விரல் மடக்கிக்கொண்டே வந்தான். ஏழு விரல் மடங்கியது. "ஏழும்மா" என்றான்.

அவள் காலைத் தடவிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. "முக்கியமா ஒண்ணு. சம்பந்தியம்மா என்ன சொன்னாலும் 'சரிங்க அத்தை'ன்னு சொல்லணும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினே, தோலை உரிச்சிடுவேன்."

காலையில் முதலில் பானை. குயவர் வீட்டு வாசலில் பானைகள் குவிந்திருந்தன. திருமேனி ஒன்றை எடுத்து விரலால் தட்டினான். 'டங்' என்றது.

"விரலால தட்டினா என்ன தெரியும்?" என்றான் கலியன். "நாளைக்கு நெருப்புல வைக்கப்போற பானை. நெருப்பு விரல் மாதிரி மெதுவாவா தட்டும்?"

நியாயமாகத்தான் பட்டது. ஒரு கருங்கல்லை எடுத்துத் தட்டினார்கள்.

"சத்தம் நல்லா வந்துச்சு" என்றான் சிங்காரம்.

"சத்தம் வந்துச்சு. பானை போயிடுச்சு" என்றான் திருமேனி.

இப்படி நாலு பானை ஆனது. அடுப்படியிலிருந்து குயவர் சம்சாரம் அகப்பையோடு ஓடி வந்தாள். "அட பாவிங்களா! பானை வாங்க வந்தீங்களா, பகை தீர்க்க வந்தீங்களா?"

திருமேனி கன்னத்தில் கைவைத்து யோசித்தான். தட்டின பானை எல்லாம் உடைகிறது, தட்டாத பானை எல்லாம் முழுசாக இருக்கிறது. ஆக, கோளாறு பானையில் இல்லை, தட்டுவதில்தான். ஆனால் அம்மா தட்டிப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறாளே! கடைசியில் ஒரு பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பானையை வாங்கினான். அம்மா பேச்சும் நின்றது, பானையும் நின்றது. உடைந்த ஐந்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

அடுத்தது பஸ். கண்டக்டர் கரும்பைப் பார்த்ததும், "அதை மேல படுக்கப் போடுங்க" என்றார்.

"படுக்கப் போடக்கூடாதுங்க. நிமிர்ந்துதான் வரணும்" என்றான் திருமேனி.

"உக்காரச் சீட்டெல்லாம் வேணாம். நின்னுக்கிட்டே வரும்" என்றான் சிங்காரம்.

"பத்தடிக் கரும்பு எப்படிய்யா உள்ளே நிக்கும்?"

"மேல ஒரு ஓட்டை போட்டா நிக்கும்" என்று கலியன் பணிவாக வழி சொன்னான்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. எட்டு கிலோமீட்டர்தானே, நடந்தே போவோம் என்று முடிவாயிற்று. கலியன் தலையில் அரிசி மூட்டை, தோளில் வாழைத்தார். திருமேனி தலையில் பானை, பானைக்குள் வெல்லம், கையில் வேரும் மண்ணுமாக மஞ்சள் கொத்து. சிங்காரம் கரும்பை இரண்டு கையாலும் நட்டமாகப் பிடித்துக்கொண்டு, சாமி ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவன் மாதிரி முன்னால் போனான். ஒவ்வொரு மைல்கல்லிலும் திருமேனி நின்று விரல் மடக்கிப் பார்ப்பான். ஏழும் இருக்கும். பெருமூச்சு விட்டுவிட்டு நடப்பான்.

வெயில் ஏற ஏற மஞ்சள் இலை துவண்டது. டீக்கடைக் குழாயடியில் பள்ளம் தோண்டி அதை நட்டார்கள். தண்ணீர் ஊற்றி, இலை நிமிரும்வரை மூவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்ததும் பிடுங்கிக்கொண்டு நடந்தார்கள். அரை மைலில் மறுபடி துவண்டது. இந்தத் தடவை பாதையோரத்தில் ஒரு மஞ்சள் வயலே இருந்தது.

"சொந்தபந்தத்தோட இருந்தா சீக்கிரம் தேறும்" என்று சொல்லிச் சிங்காரம் அதைக் கொண்டுபோய் வயல் நடுவில் நட்டுவிட்டு வந்தான். மூவரும் வேப்பமரத்தடியில் ஒரு கண் அயர்ந்தார்கள்.

எழுந்து பார்த்தால் வயல் முழுக்க மஞ்சள் செடி. எல்லாம் ஒரே மாதிரி நிமிர்ந்து நின்றது.

"எதுடா நம்மது?" என்றான் திருமேனி.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்போமா?" என்றான் சிங்காரம்.

"பேர் வைக்கலையேடா! வீட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கணும்" என்று கலியன் தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்தவன் செடியைப் பிடுங்கினால் திருட்டு. பிடுங்காமல் போனால் தங்கச்சி மானம் போகும். திருமேனி வரப்பில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதுவிட்டான். அந்த நேரத்துக்கு வயல்காரர் வந்து சேர்ந்தார். நடந்ததை எல்லாம் கேட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே இறங்கி, நல்ல கொழுத்த கொத்தாக ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார். "இந்தா, இதுதான் உங்களது."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"முகத்துல உங்க சாயல் அப்படியே இருக்கே!"

உற்றுப் பார்த்தார்கள். இருக்கத்தான் செய்தது. சிங்காரம் அதை மார்போடு அணைத்து முத்தம் கொடுத்தான்.

நாலு மணிக்கு ஆலங்கரை போய்ச் சேர்ந்தார்கள். பூங்கோதை சொன்னது போலவே தெரு திரண்டு நின்றது. பானையில் கீறல் இல்லை, கரும்பில் ஒரு தோகை ஒடியவில்லை, மஞ்சள் கொத்து காலையில் புறப்பட்டபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு பெருத்திருந்தது. தெருப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். பூங்கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்கண்ணன்னா எங்கண்ணன்தான்!" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே ஓடினாள்.

சம்பந்தியம்மா மரகதவல்லி மரியாதை தெரிந்தவள். எந்தச் சம்பந்தியும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். "எதுக்குத் தம்பி இதெல்லாம்? நமக்குள்ள என்ன சீர், செனத்தி? இதெல்லாம் வேண்டாம், நீங்க வந்ததே போதும்."

திருமேனி கலியனைப் பார்த்தான். கலியன் சிங்காரத்தைப் பார்த்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"சரிங்க அத்தை" என்றான் திருமேனி.

பானை தலைக்கு ஏறியது, மூட்டை ஏறியது, கரும்பு நிமிர்ந்தது. மூன்று பேரும் வந்த வழியே கிளம்பிவிட்டார்கள். பூங்கோதை காப்பித் தம்ளர்களோடு வெளியே வந்தால், வாசலில் மாமியார் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயையோ, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி!"

பூங்கோதை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் கோதண்டம் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். மஞ்சள் வயலருகில் அவர்களைப் பிடித்தான். திருமேனி கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இனிமேல் இதன் சொந்தபந்தத்தோடேயே விட்டுவிடலாமா என்று மற்ற இருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், உங்களுக்குக் கோடி புண்ணியம், திரும்பி வாங்க. அம்மா கூப்பிடுறாங்க."

திரும்பி வந்தார்கள். மரகதவல்லிக்கு இப்போது பாடம் ஆகியிருந்தது. இனி இவர்களிடம் சுற்றி வளைத்துப் பேசக்கூடாது என்று, வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "தம்பி, எனக்குச் சீர் வேணும். நீங்க கொண்டுவந்தது அத்தனையும் வேணும். ஒண்ணு விடாம உள்ளே வரிசையா வெச்சிட்டுத்தான் போகணும்!"

"சரிங்க அத்தை" என்றான் திருமேனி. பிறகு விரல் மடக்கி ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தான். பானை, கரும்பு, மஞ்சள், அரிசி, வெல்லம், வாழைத்தார். ஆறு விரல் மடங்கியது. ஏழாவது, பக்கத்தில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

நன்றாக இருட்டின பிறகு கொண்டல்பேட்டைக்கு இரண்டு பேர்தான் திரும்பினார்கள். தையல்நாயகி நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எல்லாம் நல்லபடியா ஆச்சா? சிங்காரம் எங்கடா?"

"சீரோட வெச்சிட்டு வந்துட்டோம்மா. அத்தை ஒண்ணு விடாமக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க" என்றான் திருமேனி. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவள் வாய் திறக்குமுன் போன் அடித்தது. பூங்கோதைதான். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "அம்மா, பானைக்கும் வாழைத்தாருக்கும் நடுவுல சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். தெருப் பொம்பளைங்க பானைக்குப் பொட்டு வெச்ச கையோட அவன் நெத்தியிலயும் வெச்சிட்டாங்க. எழுந்து வாடா, சாப்பிடலாம்னா, 'சீர் தானா எழுந்து நடக்குமாக்கா?'ங்கிறான்."

தையல்நாயகி போனை வைத்தாள். சுளுக்கு விழுந்த கால் என்பதையே மறந்து ஒரு குதி குதித்தாள். "அட கூறுகெட்டவனே! இப்பவே போ! போய் அவனைக் கேட்டு வாங்கிட்டு வாடா!"

பிறந்ததிலிருந்து அம்மா பேச்சைத் தட்டாத திருமேனி, அன்றைக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து நின்று முடியாது என்று தலையாட்டினான்.

"என்னம்மா பேசுறே? கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டா, பூங்கோதை மானம் என்னத்துக்கு ஆகும்?"