நாகப்பன் மாடுகளுக்குச் சமைத்த நாள்

அரண்மனை அடுக்களையில் பேர் வாங்கிய நாகப்பன், தில்லையம்மையின் மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தார். வயதில் குருவைவிட மூத்தவர். வேட்டி காவியானதே தவிர, நாக்கு மாறவில்லை. மடத்தில் எல்லாரும் கேழ்வரகுக் களியும் கீரைத்தண்டும் தின்ன, அவர் மட்டும் தன் இலைக்குத் தனியாகச் சமைத்துக்கொண்டார். அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டுவார். மாவை இரண்டு முறை சலிப்பார். அவரைக்காயில் ஒரு நார் பல்லில் பட்டால் போதும், முகம் சுளித்துவிடும்.

ஆனால் வயிறு அவரைப் படுத்தி எடுத்தது. எரிச்சலும் வலியும் ஓயவில்லை. தியானத்தில் உட்காரவே முடியவில்லை. மனிதர் பாதியாக இளைத்து, பாவம், குருவிடம் விடைபெற வந்தார்.

“போகுமுன் கொஞ்ச நாள் தவிடும் தண்டும் சாப்பிட்டுப் பாருங்களேன்” என்றார் அம்மை.

“செரிக்காத சக்கையை எதற்கம்மா உள்ளே தள்ள வேண்டும்? போனபடியே வெளியே வருகிறது. யாருக்கு லாபம்?”

அம்மை சிரித்தார். “இன்று ஒரு நாள் நம் மாடுகளுக்கும் நீங்களே சமையுங்கள். உங்கள் இலைக்கு என்னவோ, அதுதான் அவற்றுக்கும். வைக்கோல், தவிடு, காய்த்தோல் எதுவும் கூடாது.”

நாகப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. சலித்த மாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். மாடுகள் நக்கித் தீர்த்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தன.

சாயங்காலம் தொழுவத்தில் ஒரே அமளி. ஓடிப்போய்ப் பார்த்தார். மாடுகள் கழுத்தை எக்கி, தலைக்கு மேலிருந்த வைக்கோல் கூரையைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன.

“அம்மா! இருக்கிற கூரையையே தின்கின்றனவே!”

“பசித்தால் வேறென்ன செய்யும்? வைக்கோல் போடுங்கள், அடங்கிவிடும். கூரையை நாளைக்கே வேய்ந்துகொள்ளலாம். நாம் கடிக்க முடியாத அந்த வைக்கோல்தான் வெண்ணெயாகி நம் கலயத்துக்கு வருகிறது.”

நாகப்பனின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

“என் வயிற்றுக்குள் மாடா இருக்கிறது?”

“கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் இருக்கின்றன, கோடிக்கணக்கில். உங்களுக்குச் செரிக்காத நார்தான் அவற்றின் தீனி. அதைத் தின்று, உங்கள் குடல் சுவருக்கு ஊட்டம் தருகின்றன.”

“அவற்றுக்கு நான் ஒன்றுமே போட்டதில்லையே!”

“போட்டீர்கள். பசித்தால் அவை குடல் சுவரின் மேற்பூச்சையே தின்னும். இத்தனை நாளும் உங்களையே போட்டீர்கள்.”