கரடியின் கண்ணில் விழுந்த தீப்பொறி

அந்தக் காலத்தில், விலங்குகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, காட்டிலேயே கூர்மையான கண் கரடிக்குத்தான். சிறுமலை அடிவாரத்தில் காத்தாயி என்று ஒரு கரடி இருந்தாள். எதிர்மலைப் பாறையில் தேனீக்கள் புதிதாக அடை கட்டினால், இங்கே நின்றபடியே சொல்லிவிடுவாள். அந்த வருடம்தான் அவள் இரண்டு குட்டி ஈன்றிருந்தாள். மூத்தவன் சடையன், இளையவள் பொட்டு.

கரடிகள் அப்போதெல்லாம் நாள் முழுக்க நடக்கும். கரையான் புற்றைத் தோண்டும், கிடைத்ததைத் தின்னும். பங்குனியில் இலுப்பை பூத்தால் பத்து இருபது நாள் சர்க்கரையாய் இனிக்கும் அந்தப் பூவைத் தின்றுவிட்டு மறுபடி புற்றுக்குத் திரும்பிவிடும். அந்த வருடம் என்ன ஆனதோ, பூத்த இலுப்பை பூத்துக்கொண்டே இருந்தது. ஆடிக்காற்றிலும் கொட்டியது, ஐப்பசி மழையிலும் கொட்டியது. காத்தாயி மரத்தடியிலேயே படுத்துவிட்டாள். கையை நீட்டினால் பூ. பால்குடிக் குட்டிகளை வைத்துக்கொண்டு மலை ஏறுவானேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததைத் தப்பென்று யாரும் சொல்லிவிட முடியாது.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள். அவள் சிறுநீர் கழித்த இடத்துக்கெல்லாம் சாரை சாரையாக வந்து மொய்த்தன.

"காத்தாயி, கோவிச்சுக்காதே," என்றது ஒரு கட்டெறும்பு. "உன் மூத்திரம் இனிக்குது. அப்படின்னா உன் ரத்தத்துல இனிப்பு தேங்கி நிக்குதுன்னு அர்த்தம். கண்ணு வைத்தியம் பார்க்கிற தேவாங்குகிட்ட ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வா."

"மூத்திரம் இனிச்சா கண்ணை எதுக்குக் காட்டணும்? எனக்கு எதிர்மலை ஈ எறும்புகூடத் தெரியுது. வலியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நல்லாத் தெரியும்போதே காட்டுறதுதான் நல்லது."

காத்தாயி சிரித்துவிட்டு இன்னொரு கை பூவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். தேவாங்கு இருந்த உசிலமரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவள் போகவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அவள் முகத்துக்கு முன்னால் கறுப்பாக ஏதோ பறந்தது. கையால் விரட்டினாள், போகவில்லை.

"என்ன ஆத்தா விரட்டுறே?" என்று கேட்டான் சடையன்.

"ஈடா."

"ஈயே இல்லையே!"

அப்போதுதான் அவளுக்குக் கட்டெறும்பு சொன்னது நினைவுக்கு வந்தது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நேரே உசிலமரத்துக்குப் போனாள். தேவாங்கு கிளையிலிருந்து மெதுவாக இறங்கி வந்து, சாயங்கால வெயில் படும்படி அவள் முகத்தைத் திருப்பி, இரண்டு கண்ணுக்குள்ளும் வெகுநேரம் பார்த்தது.

"ஒவ்வொரு உடம்புக்குள்ளயும் கணக்கில்லாம குட்டி குட்டி அடுப்பு எரியுது அக்கா," என்றது. "தின்ன இனிப்புதான் விறகு. இழுக்கிற மூச்சுதான் காத்து. அளவா எரிஞ்சா உடம்புக்குப் பலம். நீ விறகைத் திணிச்சுக்கிட்டே இருந்திருக்கே. அடுப்பு பொறி கக்குது. பொறியை அணைக்கவும் உடம்புல ஆள் உண்டுதான். ஆனா அவங்களும் எத்தனையைத்தான் அணைப்பாங்க?"

"அந்தப் பொறி கண்ணுல வந்து ஏன் விழணும்?"

"மத்த இடத்துலயும்தான் விழுது. ஆனா கண்ணுக்குப் பின்னாடி ஒரு மெல்லிசுத் திரை இருக்கு. பார்க்கிற வேலைக்கு அது ஓயாம எரிஞ்சாகணும். அதுல ஓடுற ரத்தக்குழாயோ முடியைவிட சன்னம். பொறி பட்டுப் பட்டு அதோட சுவர் இத்துப்போச்சு, இப்பக் கசியுது. நீ விரட்டினது ஈ இல்லக்கா, உன் ரத்தம்."

காத்தாயி கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "வலிக்கவே இல்லையே தம்பி."

"அந்தத் திரைக்கு வலிக்கத் தெரியாது."

மறுநாளே அவள் இலுப்பை மரத்தை விட்டுக் கிளம்பினாள். கால் நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனாலும் நடந்தாள். புற்றைத் தோண்டிக் கரையானை உறிஞ்சினாள். தை பிறப்பதற்குள் எறும்புகள் அவள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டன. கண்டம் கழிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

கழியவில்லை. அடுப்பு தணிந்த பிறகும் கருகின இடம் கருகினதுதானே. ஒரு காலையில் ஓடைப்பள்ளத்து விளிம்பில் நடந்துகொண்டிருந்தபோது, அவள் கண்களுக்குள் சிவப்பாகத் திரை இறங்கியது. மலையும் மரமும் அப்படியே மறைந்தன. அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த பொட்டுவின் காலடியில் கல் சரிந்தது.

"ஆத்தா!"

குரல் பள்ளத்துக்குள்ளிருந்து வந்தது. காத்தாயி பாய்ந்து, கையில் பட்டதைக் கட்டிப் பிடித்தாள். பாறை. இன்னொன்றைப் பிடித்தாள். அது வேர்க்கட்டை. பள்ளத்தில் குரல் எல்லாப் பக்கமும் எதிரொலித்தது. கீழே தண்ணீர் சத்தம் கேட்டது.

"சடையா, என் முதுகுல ஏறு!" என்றாள். "மயிரை இறுக்கிப் பிடிச்சுக்க. எனக்குத் தெரியலைடா. நீ பார்த்துச் சொல்லு."

சடையன் ஏறினான். "சோத்தாங்கைப் பக்கம் ஆத்தா. கீழே, இன்னும் கீழே. அந்தக் கல் ஆடுது, மிதிக்காதே! இப்பக் கையை நீட்டு."

நீட்டிய கையில் ஈரமான, நடுங்குகிற மயிர் தட்டுப்பட்டது. இந்தத் தடவை பாறை இல்லை. பொட்டுவை வாரி எடுத்து, சடையனுக்குப் பக்கத்தில் முதுகில் போட்டுக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல அடி வைத்து மேலே ஏறினாள்.

தேவாங்கு மறுபடி பார்த்தது. "கட்டின ரத்தம் கொஞ்சம் வடியும் அக்கா. நிழலாட்டம் தெரியும். போனது போனதுதான். பூவுல அளவா இருந்து, இதே மாதிரி நடந்துக்கிட்டும் இருந்தா, மிச்சம் இருக்கிறது நிக்கலாம்."

"நிழல் தெரிஞ்சாப் போதும்," என்றாள் காத்தாயி. ஆனால் குட்டிகளை முதுகை விட்டுக் கீழே இறங்கவிடவில்லை. அவை கேட்டுப் பார்த்தன, அழுதும் பார்த்தன. அவள் அசையவில்லை.

அன்று முதல்தான் கரடி இனத்துக்கே பார்வை மங்கல். மூக்கால் மோந்து மோந்து தன் வழியைத் தேடுகிறது. அன்று முதல்தான் தாய்க்கரடி எந்தக் காட்டில் நடந்தாலும், அவள் முதுகு மயிரை இறுகப் பற்றிக்கொண்டு குட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.